தேவனாம்பட்டினம் மணலில் நான் அடித்த பந்து

2008-ஆம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. அப்போது நான் குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு சிங்கப்பூரில் இருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் கோல்ஃப். கடலூரில் கோல்ஃப் ஆட எங்கே போவது? ஞாயிறு விடிந்ததும் பழைய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், மணலில் ஒரு கால்மிதியை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பேன். நண்டு பிடிக்கப் போறீங்களா என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

ஞாயிறு காலையைப் பிடித்ததற்கும் காரணம் இருந்தது. படகுகள் இருட்டிலேயே கடலுக்குப் போய்விடும். அவை திரும்பும் வரை நான் நிற்கிற பக்கம் ஈ காக்கை இருக்காது.

அந்த வாரம் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் அவனுக்கு வேலை. போட்டிகளில் ஆடுகிற ஒருவர் தன் பழைய இரும்பு மட்டைகளை அவனுக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒன்றை அன்று கடற்கரைக்குக் கொண்டுவந்திருந்தான். என் மட்டையின் தலை அகலம். கோணலாகப் பட்டாலும் பந்து ஏதோ ஒழுங்காகப் போய்த் தொலையும். இதுவோ தோசைத் திருப்பி மாதிரி மெல்லிசு. நட்டநடுவில் படவில்லை என்றால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. "இது உங்களுக்கு வேணாம் மாமா, தொழிலா ஆடுறவுங்க மட்டை" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாங்கினேன், அடித்தேன். அடித்த மாதிரியே கைக்குத் தெரியவில்லை, பந்து மட்டும் அழகாக எழும்பிப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பந்தை ஓங்கி அடித்தேன். மட்டையின் கழுத்தில் பட்டு, கை விண்ணென்று வலித்தது. பந்து நேராகப் போகாமல், வலது பக்கம் கரையேற்றி வைத்திருந்த படகுகளைப் பார்த்துத் தாழ்வாகப் பறந்தது. அந்த நொடியில்தான் உறைத்தது. அத்தனை படகும் கரையில் இருக்கின்றன. ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. வந்ததிலிருந்து கண்ணெதிரில்தான் இருந்தன, மட்டை மோகத்தில் எனக்குப் புத்தியில் ஏறவே இல்லை.

பந்து படகுகளுக்குப் பின்னால் மறைந்தது. மறுகணம் அங்கிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

"மாமா, ஓடிடலாம்" என்றான் மச்சான். ஓடத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அலறல் நிற்கவில்லை, இன்னும் பல குரல்கள் சேர்ந்துகொண்டன. கால் தானாக அந்தப் பக்கம் போனது. மணலில் அன்றைக்கு நடந்த தூரம் மாதிரி ஒரு தூரத்தை நான் நடந்ததே இல்லை. தலையில் பட்டிருக்குமா, கண்ணில் பட்டிருக்குமா, போலீஸ் வருமா, என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று மனது எங்கெங்கோ ஓடியது.

படகுகளைச் சுற்றிக்கொண்டு போனால், பெருங்கூட்டம். நடுவில் ஒரு பெண் மணலில் சாய்ந்து கிடந்தாள். இன்னொருத்தி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே மண்டியிட்டுவிட்டேன். நான்தான் அடித்தேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், வண்டி இருக்கிறது என்று என்னென்னவோ உளறினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்துத் தூக்கி, விஷயத்தைச் சொன்னார். படகுகளை ஒட்டியிருந்த வீட்டில் அவருடைய அண்ணன் ராத்திரி இறந்துவிட்டாராம். ஊரில் ஒரு சாவு என்றால், எடுக்கும்வரை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மயங்கிக் கிடந்தது இறந்தவரின் மகள். பாண்டியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்ததும் அலறி விழுந்திருக்கிறாள். பறைமேளம்கூட இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாடா என்று இருந்தது. ஒரு வீட்டின் துக்கத்தைப் பார்த்து நிம்மதிப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அப்படியானால் என் பந்து எங்கே? பெரியவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் குவித்திருந்த வலைமேல் சேலையை விரித்து ஒரு கைக்குழந்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். நல்ல தூக்கம். அதன் தலைமாட்டில், ஒரு சாண் தள்ளி, வலைக்குள் புதைந்து கிடந்தது என் வெள்ளைப் பந்து.

அவர் அதை எடுத்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்த வாலிபர்கள் திரும்புவதற்குள் பந்தை என் கையில் வைத்து அழுத்தி மூடினார்.

"சீக்கிரம் போயிடு தம்பி. இன்னிக்கு எங்க ஊருக்கு ஒரு சாவு போதும்" என்றார் மெதுவாக.

அதன்பின் திறந்த வெளியில் நான் மட்டை தொட்டதில்லை. சொந்த அண்ணனைப் பறிகொடுத்து நின்ற அந்த மனிதர் அன்று மட்டும் குரலை உயர்த்தியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், அவர் அழுத்தி மூடிய அந்தக் கையை இன்றைக்கும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.