உனக்கு எப்படி இருந்துச்சு என்று கேட்டவர்

கரியாஹாட் கடைவீதியில், நடைபாதைக் கடையொன்றில் மகளுக்கு ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டில் இருக்கும் மிதா. "சம்பாதி ஆர் நேய்" என்று சொல்லிவிட்டு அழுதார். சம்பாதி இனி இல்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, நெஞ்சு என்னவோ போல இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், கணவர் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டாராம். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உங்களுக்கு என்ன உறவு என்று வங்காளியில் கேட்டார். எனக்கு முறை சொல்ல வரவில்லை. என் பிரசவத்தின்போது கூட இருந்தவர் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

இந்த ஊர்த் தமிழர்கள் நமக்கெல்லாம் அவர் செண்பகம் அக்கா. தென்காசிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே பெஹாலாவுக்கு வந்து, ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எங்கள் அடுக்ககத்திலேயே குடியிருந்தவர். செண்பகப் பூ வங்காளியில் சம்பா. அதனால் அக்கம்பக்கத்தாருக்கு அவர் சம்பா திதி, அதாவது சம்பா அக்கா; சுருக்கமாகச் சம்பாதி. "காலம் பூரா ஆபீஸுக்கு ஓடுனவளுக்கு வேற என்ன பேரு வைக்க? சம்பாதி, சம்பாதின்னு தெருவே விரட்டுச்சு" என்று சிரிப்பார். இதைப் படிக்கும் உங்களில் இந்த ஊரில் குழந்தை பெற்றவர்கள் இருந்தால், அநேகமாக உங்கள் வீட்டுக்கும் அவர் வந்திருப்பார். வந்ததும் தொட்டில் பக்கம் போயிருக்க மாட்டார். உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருப்பார்.

"பிள்ளை என்ன எடைன்னு எல்லாரும் கேக்கா. யாரு ஜாடைன்னு கேக்கா. பெத்தவளை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்கா" என்பது அவருடைய நிரந்தரக் குறை.

நான் ஈரோட்டிலிருந்து கணினி வேலைக்காக இங்கே வந்தவள். கர்ப்பமாக இருந்தபோது பிரசவ வலியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சினிமாவில் பார்த்தது மட்டும்தான்: ஓர் அலறல், அடுத்த காட்சியில் பூத்துணியில் சுற்றிய குழந்தை. ஒருநாள் லிஃப்டில் அக்கா என்னைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்றார்.

"இல்லைங்கக்கா. எல்லாம் மறந்துரும்னு சொல்றாங்க."

"மறந்துரும்னு சொல்லுதவளை நம்பாதட்டி. மறந்துருந்தா அவ ஏன் இன்னும் அதையே பேசிக்கிட்டு இருக்கா?" என்றார். எங்கள் மாடி வந்தும் கதவைக் கையால் தடுத்து நிறுத்திக்கொண்டு தொடர்ந்தார். "வலிக்கும். நல்லாவே வலிக்கும். ஆனா ஒரே மூச்சா வலிக்காது. அடிவயித்துல பிடிக்கும், வயிறு கல்லு மாதிரி ஆகும், உச்சிக்குப் போகும், பிறகு விட்டுரும். விட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த நேரத்துல நான் முறுக்கு தின்னேன்."

முறுக்கு என்ற சொல்லில் என் பயம் பாதி இறங்கியது. முறுக்கு தின்ன இடம்விடுகிற வலி என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வளைகாப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் வசதி ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதைக் கேட்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அதெல்லாம் போட்டா இடுப்பு போயிரும். நாங்கெல்லாம் பல்லைக் கடிச்சுட்டுப் பெத்தவங்க. வாசல்ல நின்னவங்களுக்குச் சத்தங்கூடக் கேக்கலை" என்றார். வந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நான் வளையல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஊசி கிடைக்காது என்றால் எனக்குத் தைரியம் இல்லை என்பதை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

செண்பகம் அக்கா மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாதாடப்போகிறார் என்று நினைத்தேன். "மதினி, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மாமியார் மடியில் கிடந்த சேலைத் தலைப்பை நீவிவிட்டார். அக்கா காத்திருந்தார். எலுமிச்சைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் ஏதோ சொல்ல வந்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து மாமியார், "இதை இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லைங்க" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். செத்துப்போய்விடுவோம் என்று நினைத்தாராம். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று தன் மாமியார்க்காரி சொல்லியிருந்ததால், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாராம். "பிள்ளை பொறந்ததுக்கப்புறம் பாத்தா, தலைப்புல ஒரு கை அளவுக்குத் துணியே இல்லைங்க. கடிச்சுத் துப்பியிருக்கறேன். புதுச் சேலை வேற." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, "உனக்கு வேணும்னா ஊசியைப் போட்டுக்கோ கண்ணு" என்றார்.

போட்டுக்கொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது வேறு கதை.

துர்கா பூஜை அஷ்டமி அன்று காலையிலிருந்தே இடுப்பு கடுத்தது. உட்கார்ந்தே இருந்ததால் வந்த வலி என்று நினைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்காதான் வந்து பார்த்துவிட்டு, "கிளம்பு" என்றார். என் கணவர் செந்தில் முன்சீட்டில், நானும் அக்காவும் பின்சீட்டில். பெஹாலாவில் அஷ்டமி அன்று காரில் போக நினைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தலுக்குப் பந்தல் கயிறு கட்டிக் கூட்டத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி நகரவில்லை. செந்தில் போன் வரைபடத்தைப் பார்த்து வலதுபக்கம் போகலாம், இடதுபக்கம் போகலாம் என்று மாற்றி மாற்றிச் சொன்னார். ஓட்டுநர் பாவம், கண்ணாடியில் என்னைப் பார்த்து, "திதி, எக்டு ஷோஜ்ஜோ கொருன்" என்றார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

"ஷோஜ்ஜோ எல்லாம் அவ பாத்துக்கிடுவா தாதா, நீங்க ஹார்னை அடிங்க" என்றார் அக்கா, பாதி வங்காளியிலும் பாதி தென்காசியிலும். இங்கே தாதா என்றால் அண்ணன்.

அதற்குள் வலி வேறு வடிவம் எடுத்திருந்தது. அவர் சொன்னதுபோல அடிவயிற்றில் அது தொடங்கவில்லை. நடுமுதுகுக்குக் கீழே யாரோ இரண்டு கட்டைவிரல்களை வைத்து எலும்பைப் பிரிப்பதுபோல இருந்தது. பிரித்துவிட்டு அவர்கள் போகவுமில்லை. முறுக்கு தின்னும் இடைவெளி எனக்கு வரவே இல்லை. பக்கத்துப் பந்தலில் டாக் மேளம் உச்சத்தில் இருந்தது. நான் மாமியாரைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் காதருகே வந்து, "கத்துட்டி. இந்த மேளத்துல உன் சத்தம் யாருக்குக் கேக்கப் போவுது?" என்றார்.

கத்தினேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. கூட அவரும் கத்தினார். ஓட்டுநர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பந்தல் வாசலில் நின்ற தொண்டர்கள் திரும்பிப் பார்த்து, விஷயம் புரிந்து, கயிற்றை அவிழ்த்து வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், ஊசி போடுகிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். நான் அழுதேன். கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். செந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துவிட்டு நர்ஸே அக்காவைக் கூப்பிட்டார். அதன்பிறகு நடந்ததை நான் ஒளிக்காமல் சொல்கிறேன், அக்காவுக்கு ஒளித்துச் சொல்வது பிடிக்காது. உடம்பு நடுங்கியது. வாந்தி எடுத்தேன். மேலே துணி இருக்கிறதா இல்லையா என்ற கவலை போய்விட்டது. "என்னால முடியாது, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். அக்காவை, எங்கள் ஊரில் மாட்டைத் திட்டுகிற வார்த்தைகளால் திட்டினேன். அவர், "சரிட்டி, சரிட்டி" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு முக்க வேண்டும் என்ற உந்துதல் வந்தது. நானாக முக்கவில்லை, உடம்பே என்னைக் கேட்காமல் முக்கியது. கடைசியில் தீ வைத்ததுபோல ஓர் எரிச்சல். அப்புறம் வழுக்கிக்கொண்டு ஒரு கனம் இறங்கியது. வலி நின்றது. அத்தனை சத்தத்துக்குப் பிறகு அந்த நிற்றல் எவ்வளவு பெரியது என்பதற்கு என்னிடம் இன்னும் வார்த்தை இல்லை. அழுகைச் சத்தம் என்னுடையதா குழந்தையுடையதா என்று ஒரு கணம் குழம்பினேன்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் பிடியில் வீங்கிப்போன விரல்களுக்குத் தைலம் தடவியிருந்தார். "கூடவே இருந்தேன், ஆனாலும் எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"நீங்க சொன்னது ஒண்ணுகூடச் சரியில்லைங்கக்கா. வயித்துல வரவே இல்லை. எல்லாம் முதுகு. இடைவெளியும் இல்லை. முறுக்கும் இல்லை."

அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்க்க வந்த மிதாவைப் பிடித்து உட்காரவைத்து, "இவளுக்குப் பூரா முதுகாம், கேட்டியா" என்று வங்காளியில் சொன்னார், ஏதோ நல்ல சேதி கிடைத்த மாதிரி. மிதா தன் பங்குக்கு, ஊசி போட்டுக்கொண்டு போனில் பாட்டுக் கேட்டபடி பெற்றேன், ஆனால் தையல் போட்ட இடம்தான் உயிரை எடுத்தது, பால் கொடுக்கும்போதெல்லாம் வயிறு இழுத்துப் பிடித்தது, அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்றார். மூன்று பேரும் சிரித்ததில் எனக்கும் தையல் வலித்தது. "ஒருத்தி வலி இன்னொருத்திக்குப் பொருந்தாது, ரவிக்கை மாதிரி" என்று அக்கா சொன்னது அன்றுதான்.

அக்காவின் பிரசவத்தை அவர் பல வருடம் கழித்துத்தான் முழுதாகச் சொன்னார். நாள் முழுக்க வலித்து, பிறகும் பிள்ளை வராமல், கடைசியில் ஆபரேஷன். "நோகாமப் பெத்துக்கிட்டா" என்று உறவில் பேசினார்களாம். "எனக்கு ரெண்டு பரீட்சையும் வச்சாங்கட்டி. மார்க்குதான் ஒண்ணுக்கும் போடலை" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் எல்லோரையும் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் மகன் முருகன் புனேயிலிருந்து வந்து தங்கியிருந்தான். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லோரும் உள்ளறையில் உட்கார்ந்து அவரவர் பிரசவத்தையும், அப்போது அக்கா வந்ததையும் பேசிக்கொண்டிருந்தோம். துக்க வீட்டில் இருக்கக் கூடாத அளவுக்குச் சிரிப்பு. முருகன் வாசலில் வந்து நின்றான். நாங்கள் சட்டென்று அடங்கினோம்.

"நீங்க பேசுங்க" என்றான். பிறகு, "எல்லாரையும் அம்மா கேட்டிருக்காங்க. நான் பொறந்தப்போ அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? நான் கேட்டதே இல்லை" என்றான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாள் முழுக்கப் பட்ட வலியை. முதுகில் ஊசி போட்டபின் வலி இல்லாமல், வயிற்றுக்குள் யாரோ பைக்குள் சாவி தேடுவதுபோலத் துழாவியதை. அவனைக் கையில் கொடுத்தபோது அவருக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை, யார் வீட்டு விருந்தாளியோ என்று பார்த்துக்கொண்டு கிடந்தார் என்பதையும் சொன்னேன். அவன் முகம் ஒருமாதிரி ஆனது. "இருப்பா, கதை இன்னும் முடியலை" என்று தொடர்ந்தேன். சில நாள் கழித்து ஒரு மத்தியானம், மார்மேல் கிடந்தவன் தன் உடம்பைவிடப் பெரிதாக ஒரு தும்மல் போட்டானாம். போட்டுவிட்டு யார் தும்மியது என்று அவனே திடுக்கிட்டுப் பார்த்தானாம். "எனக்குச் சிரிப்புத் தாங்கலை. தையல் பிரிஞ்சிருமோன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கேன், வலி உயிரு போவுது, சிரிப்பும் நிக்கலை. அன்னைக்குத்தான் அவன் எனக்குப் பிள்ளை ஆனான்." அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

முருகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் அழுதான். மிதா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. இது எனக்கு இயல்பாக வருவதில்லை, என் நாக்கு சும்மா இருக்காது. போன வாரம் பிரசவமான அலுவலகத் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். வங்காளிப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன். அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தலையணையைச் சாய்த்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.