சிஸ்டர் இனேஸுக்கு நான் சொல்லிக்கொடுத்த நிகழ்காலம்

இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு நல்ல வாய் வேண்டும் என்பார்கள். பொய், பொறுமைதான் வேண்டும். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. என்னைப் போலக் கத்திக் கத்தித் தொண்டை வறண்ட வாத்திமாரே, உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தகாலம். ராஜபாளையத்தில் எனக்குப் பள்ளிக்கூட வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயில் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரி, சிஸ்டர் இனேஸ், அங்கே ஒரு சின்ன மருந்தறை நடத்தினார். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர். தமிழ் கொஞ்சம் வரும், இங்கிலீஷ் சுத்தமாக வராது. மூன்று மாதத்தில் வெள்ளைக்கார டாக்டர் துரை வந்து இங்கிலீஷில் பேசிப் பார்ப்பாராம். தேறாவிட்டால் மருந்தறைக்குப் பூட்டு, அம்மாவுக்கு ஊர் திரும்பக் கப்பல். சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நிகழ்காலம் மட்டும் சொல்லிக்குடுங்க சார். இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் ஆண்டவர் பாத்துக்கிடுவார்.”

போகிற சொல்

முதல் பாடம் “ஐ கோ”. சிஸ்டர் உற்சாகமாக “கோ” என்றார். ஸ்பானிய மொழியில் “நான்” என்று தனியாகச் சொல்லவே வேண்டாமாம், நம் தமிழ் மாதிரி. “ஐ போடுங்கம்மா, ஐ!” என்று மேசையைத் தட்டினேன். அவர் பத்துத் தடவை “ஐ கோ, ஐ கோ” என்றதும், சமையல் செய்கிற செல்லத்தாய் கரண்டியோடு வந்து அர்த்தம் கேட்டாள். “போறேன்னு அர்த்தம்” என்றேன். அவ்வளவுதான், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எந்த மனுஷியாவது வாசல்படி தாண்டுவாளா?

அன்று முதல் “ஐ கோ அண்ட் கம்” என்றுதான் பாடம். வேறு வழி? அவள் போடுகிற காப்பியைத்தானே நானும் குடிக்கிறேன்! அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. “பத்துத் தரம் போறேன் போறேன்னு சொல்ல வச்சு, அம்மாவை நீங்களே கப்பலேத்திருவிய போலிருக்கே சார்!”

புது மன்றாட்டு

“ஐ வாஷ், யூ வாஷ், ஷீ வாஷஸ்.” நான் முன்னால் சொல்ல, சிஸ்டர் பின்னால் சொல்லுவார். ஒருநாள் வெளியேயிருந்தும் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், அட ஆண்டவரே! மருந்துக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பெண்கள் முக்காடு போட்டு முழங்காலில் நிற்கிறார்கள். என் ஒவ்வொரு வரிக்கும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்கிறார்கள்! மாதா கோயிலில் சொல்கிற மன்றாட்டு ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள். பெருமாள் கோயில் குங்குமத்தோடு இரண்டு பேர் அதில் சேர்ந்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இது ஜெபம் இல்ல தாயி, இலக்கணம்” என்றேன். இடுப்பில் பிள்ளையோடு இருந்த மில்லுக்காரர் பெண்சாதி எழுந்திருக்கவே இல்லை. “எதுவா இருந்தா என்ன சார்? நேத்துச் சொன்னேன், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. நிப்பாட்டாதீய!”

துரையின் குதிகால்

அந்த நாளும் வந்தது. பெட்ரோல் பஞ்சத்தில் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸைத் தள்ளித் தள்ளிக் கரிமூஞ்சியோடு நான் போய்ச் சேர்ந்தபோது துரை வந்துவிட்டார். பிளவக்கல் பக்கம் வேட்டைக்குப் போனவர், நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “தினமும் என்ன செய்கிறீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த பாடம்! சிஸ்டர் வாயே திறக்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார். ஊஹும். செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரை கையெழுத்துப் போடாமலே அனுமதிக் காகிதத்தை மடித்து எழுந்தார், காலை ஊன்றினார், “ஆ!” என்று கத்தினார்.

சிஸ்டருக்கு எங்கிருந்துதான் வந்ததோ! “சிட்!” என்றார். துரை பொத்தென்று உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினால், குதிகாலில் முள் ஏறிச் சீழ் கோத்திருந்தது. கைக்கு வேலை வந்ததும் வாய் தானாகத் திறந்தது. “ஐ ஆம் வாஷிங் மை ஹேண்ட்ஸ். ஐ ஆம் பாய்லிங் த நீடில். ஐ ஆம் புல்லிங்.” ஒரு தப்பு இல்லை! துரை கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். சிஸ்டர் அதையும் விடவில்லை: “யூ ஆர் க்ரையிங்.” நானும் அழுதேன், சந்தோஷத்தில், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

துரை நாலடி நடந்து பார்த்தார். பேனாவைத் திறந்துகொண்டு, எங்களுக்கும் புரியட்டும் என்று தன் துரைத்தமிழிலேயே சொன்னார்: “சிஸ்டர் சொன்னது எல்லாம் சரி. நான் அழறான். கையெழுத்து எங்கே போடறது?”

மூன்று மாதம் நான் கத்தியும் நடக்காததை ஒரு முள் ஒரே நிமிஷத்தில் நடத்திவிட்டது. ஆனாலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.