ஒபதையாவின் சுத்தியல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தக் கடைக்குள் நான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

டட்லி என்ற ஆங்கிலேய ஊரில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. என் கணவர் ஒபதையா எதையும் தட்டிப் பார்க்காமல் விற்க மாட்டார். சின்னச் சுத்தியலால் ஒரே தட்டு. 'டணீர்' என்றால் நல்ல இரும்பு. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். வெந்நீர் பாய்லர் ஒன்றை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். முதலில் செய்தது வெடித்தது. அதிலேயே போய்விட்டார். அதற்கு முன்பே அவர் செய்து முடித்திருந்த இரண்டாவது பாய்லர் கடை நடுவில் நின்றது.

நான் சொல்லும் அந்த மாலைக்கு மறுநாள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குத் தேநீர் விருந்து. அதற்கு இந்தப் பாய்லரைப் பற்றவைப்பதாக என் கொழுந்தன் ஏனோக் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"வேணாம் ஏனோக். சுத்தி பிள்ளைங்க நிக்கும். இதுவும் வெடிச்சா?"

"அண்ணனைப் புதைச்சப்பவே உங்க தைரியத்தையும் சேர்த்துப் புதைச்சிட்டீங்களா அண்ணி?"

1858 நவம்பர். மாலை நாலரை. வெளியே இருட்டிவிட்டது. கதவை உள்பக்கமாகப் பூட்டினேன்.

டணீர்.

அலமாரியில் ஒரு சட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

"எலியா?" என்றேன்.

"எலி சுத்தியலா வச்சிருக்கு?" ஏனோக் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

டணீர்... அடுத்த சட்டி.

டணீர்... அதற்கடுத்தது.

ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஒரு மௌனம். அவர் காதைச் சாய்த்துக் கேட்பாரே, அதே அளவு மௌனம்.

அலமாரி முடிந்தது. அடுத்து பாய்லர்தான்.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

டணீர்.

"கேட்டீங்களா அண்ணி... அண்ணனே சொல்லிட்டாரு..." என்றான் ஏனோக்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு... அவன் நெஞ்சில்...

டொக்.

ஏனோக் அலறிப் பின்வாங்கினான். அலமாரி சரிந்தது. சட்டிகள் உருண்டன. கடையில் எங்களைத் தவிர யாருமில்லை.

விடிவதற்குள் அவன் இறந்துவிட்டான். "இதயம் எப்பவோ பழுதாயிருக்கு. வெளியில தெரியலை" என்றார் மருத்துவர்.

பாய்லர் இன்றும் அந்தத் தேவாலயத்தில் கொதிக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஏனோக்கின் உடலைக் கழுவியவள் நான். நெஞ்சின் இடப்பக்கம் வட்டமாக ஒரு கன்றிய தடம். சுத்தியல் முகத்தின் அளவு. அந்தச் சுத்தியல் கடையில் இல்லை. ஒபதையாவின் சவப்பெட்டியை மூடுமுன் அவர் கைக்குள் நானே வைத்திருந்தேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல.

அவனுக்குப் பிறகு... என் நெஞ்சிலும் ஏதோ பட்டது.

சட்டிகள் உருண்ட இரைச்சலில், என்ன சத்தம் வந்ததென்று எனக்குக் கேட்கவில்லை.