ஒற்றைக் கதவு

தோரிக் தச்சனாகத்தான் அரண்மனைக்குள் வந்தான். பேரவை மண்டபத்து வலக்கதவில் வாள்வெட்டு ஒன்று விழுந்திருந்தது. அதற்கு ஒட்டுப்போடக் கூப்பிட்டிருந்தார்கள். கதவில் விழுவதற்கு முன் அந்த வெட்டு, அங்கே நின்ற காவலனின் கழுத்தைக் கடந்து வந்திருந்தது. கதவு சரியாயிற்று. காவலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தச்சனையே நிறுத்திக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாகிறது. ஒட்டுப்போட்ட மரம் மட்டும் இன்னும் வெளுத்து, அவன் கழுத்து உயரத்தில் தெரிகிறது.

எர்வால் நாட்டில் பதவி கொடுப்பதையும் பறிப்பதையும் அரசர் வாயால் சொல்வதில்லை. கதவு சொல்லும். ஆண்டுப் பேரவை கூடும் நாளில், பெரும்பிரபு வந்தால் இரண்டு கதவும் திறக்கும். இடுப்பில் வாளும் பின்னால் நான்கு வீரர்களுமாக அவர் உள்ளே போவார். எல்லைப்பிரபுவுக்கு ஒரு கதவு. வாளைக் காவலன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் போகவேண்டும். கோட்டைப்பிரபுக்களுக்கு இடக்கதவின் அடியில் வெட்டிய திட்டிவாசல், குனிந்துதான் நுழையமுடியும். யார் எந்த வழியாக நுழைந்தாரோ, அடுத்த பேரவைவரை அதுதான் அவர் பதவி. தவறாகத் திறந்துவிட்டால் அரசராலும் மாற்றமுடியாது. காவலனைத்தான் மாற்றுவார்கள்.

நான்கு நாளாக மழை. தோரிக் விடியலிலேயே வந்து கீல்களுக்கு வாத்துக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான். 'கஞ்சிக்கு இல்லாத கொழுப்பு கதவுக்கு' என்று அவன் மனைவி ஹெல்வா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். இன்றைக்கும் சொல்லியிருந்தாள்.

முத்திரை அமைச்சர் ஓஸ்மார் வந்து பக்கத்தில் நின்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னைக்கு ராட்வினுக்கு ஒண்ணுதான்."

"ஐயா, அவரு பெரும்பிரபு..."

"நேத்து வரைக்கும். வடக்குச் சண்டைக்கு ஆள் அனுப்பாதவனுக்கு ரெண்டு கதவு எதுக்கு?"

"அவருக்குத் தெரியுமா?"

"நீ சொல்லப்போற." அமைச்சர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பயப்படாத. கதவுல கை வச்சிருக்கிறவனத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"எனக்கு முன்னாடி நின்னவருக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சுங்களே."

அமைச்சர் ஒட்டு மரத்தின் பக்கம் திரும்பவில்லை. "வெட்டினவனுக்கு அப்புறம் எந்தக் கதவும் தொறக்கல, தெரியுமில்ல? அவன் வம்சம் இன்னைக்கு வாசல்லகூட நிக்கமுடியாது. ஆனா நீ மாத்தித் தொறந்தேன்னா, மத்தியானமே உன் தலை கோட்டைச் சுவர் மேல இருக்கும்."

கொம்பு ஊதினார்கள்.

பெரும்பிரபுக்கள் இருவர் வந்தார்கள். இரண்டு கதவும் திறந்தன, மூடின. மூன்றாவதாக ராட்வின் படியேறினான். பின்னால் நான்கு வீரர்கள். நனைந்த தோல்கவசத்தின் நாற்றம் முன்னால் வந்தது. முற்றத்தில் மற்ற பிரபுக்கள் மழையில் காத்து நின்றார்கள்.

"என்ன தச்சா, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" வருஷாவருஷம் இதே கேலி.

"உங்க தயவுல, பிரபு" என்பான் தோரிக். இன்று அதற்குப் பதிலாக வலக்கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தான். அது முழுக்கத் திறந்தது. அதோடு நின்றுகொண்டான். கை வளையத்திலேயே இருந்தது.

முற்றத்தில் பேச்சு அடங்கியது. ராட்வின் மூடிக்கிடந்த இடக்கதவைப் பார்த்தான். பிறகு தோரிக்கைப் பார்த்தான். ஒரு வீரனின் கை வாள்பிடிக்குப் போயிற்று.

எல்லோருக்கும் கேட்கும்படி ராட்வின் நிதானமாகக் கேட்டான்: "மழையில மரம் ஊதிப்போச்சு போல. இடக்கதவு ஒட்டிக்கிச்சா?"

தப்பிக்க ஒரு வழியைத்தான் நீட்டுகிறான் என்பது தோரிக்குக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் போதும். குற்றம் அரசருடையதில்லை, மழையுடையது. நான்கு வீரர்களும் சேர்ந்து பிடித்து இழுப்பார்கள், ராட்வின் இரட்டைக் கதவு வழியாகப் போய்விடுவான். தோரிக் மத்தியானம்வரை உயிரோடு இருக்கலாம்.

"ஒட்டலீங்க, பிரபு."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கதவுகள் ஒருநாளும் ஒட்டியதில்லை.

"ஒட்டலையா? அப்ப தொறந்து காட்டு."

தோரிக் வளையத்தை விட்டு நகர்ந்திருந்தான்; அவன் கை அதற்குள் இடக்கதவின் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. தச்சன் கை அது. கதவில் கோளாறு என்று யாராவது சொன்னால் தானாகப் போய்விடும். தாழ்ப்பாள் பாதி உயர்ந்தது. அங்கேதான் அவனுக்கு உறைத்தது. இதையும் திறந்தால் இரண்டும் திறந்தாயிற்று. உள்ளே, வலக்கதவின் வழியே, ஓஸ்மார் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

 தாழ்ப்பாளை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பிறகு வலக்கதவைத் தள்ளி மூடினான். அது தன் இடத்தில் பதிந்த சத்தம் கேட்டது. அதன்பின் இடக்கதவைத் திறந்தான். ஒரு முனகல்கூட இல்லாமல் அது சுவர்வரை போய் நின்றது. அவனும் கூடவே போய் அதன் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாருங்க, பிரபு. ஒட்டல."

இப்போதும் ஒரு கதவுதான் திறந்திருந்தது. முற்றத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

ராட்வின் வாளை உருவினான். அதன் நுனியை இடக்கதவில், தோரிக்கின் காதுக்குக் கீழே, மெதுவாக வைத்தான்.

"இந்தக் கதவுல இன்னும் ஒட்டு விழல போலிருக்கே."

"விழுந்தா ஒட்டறதுக்கு ஆள் இல்லீங்க, பிரபு."

வாள் நகரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ராட்வின் அந்த ஒற்றைத் திறப்பையே பார்த்தான். காவலனின் கைதான் திறக்கவேண்டும்; அந்தக் கை போனால் இந்த ஒரு கதவும் போய்விடும். அவனுக்கும், அவன் பிள்ளைகளுக்கும்.

வாளைத் திருப்பிப் பிடியை நீட்டினான்.

"பத்திரமா வை. கேக்க வருவேன்."

"இங்கதான் இருப்பேன், பிரபு."

ராட்வின் தனியாக உள்ளே போனான். எங்கே நிற்பதென்று தெரியாமல் நான்கு வீரர்களும் படியிலேயே நனைந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்து எல்லைப்பிரபுக்கள் அதே கதவு வழியாக ஒவ்வொருவராகப் போனார்கள். தோரிக்கின் கைகளில் வாள்கள் நிறைந்தன. அவற்றைச் சுவரோரம் சாய்த்தான். கடைசியில் கோட்டைப்பிரபுக்கள் வந்தார்கள். முன்னால் வந்த கிழவர் படியேறும்போதே முதுகை வளைத்துக்கொண்டார். வளைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா தச்சா, திட்டிவாசல் இருக்கிற கதவையே நீ தொறந்து வச்சிருக்க. நாங்க எதுல குனியிறது?"

தோரிக் அவசரமாக இடக்கதவை மூடினான். தாழ்ப்பாளைப் போடப் போனான், விழவில்லை. மறுபடியும் போட்டான். மூன்றாம் தரமும் அது நழுவி இரும்பில் தட்டிக்கொண்டது.

கிழவர் குனிந்தவாறே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். "என்ன, நெஜமாவே கதவு ஒட்டிக்கிச்சா?"

"கதவு இல்லீங்க" என்றான் தோரிக். "கைதான்."