தாழ்ப்பாளில் தொங்கிய கடிகாரம்

லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறப்பதற்கு முன் பெரியப்பா இடக்கையை ஒருமுறை உதறுவார். ஸ்டீல் பட்டையின் கொக்கி விடுபடும். கடிகாரத்தை விரல்களின் வழியே வழுக்கி இறக்கி, மெஷின் ரூம் கதவின் தாழ்ப்பாளில் மாட்டுவார். பட்டை பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். கரண்ட் ஓடும் இடத்தில் கையில் உலோகம் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முதல் பாடம். சாயங்காலம் சட்டை மாற்றும்போதுதான் கடிகாரம் மறுபடி கைக்கு வரும்.

அவர் லிஃப்ட் பார்க்கும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கணக்குப் பிரிவில் நான் இருக்கிறேன். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவது எனக்கு வராது. அதனால் மதியம் டிபன் பாக்ஸோடு மொட்டை மாடிக்கு, மெஷின் ரூமுக்குப் போய்விடுவேன். பெரியப்பா பேசுவார், நான் கேட்பேன். ஒருநாள் என் கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“என்னடா இது, ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவ நின்னு நின்னு கீழ இறங்குது? பிரேக்கைப் பாக்கச் சொல்லு.”

அவருடைய பெருமையெல்லாம் அந்தக் கடிகாரத்தில்தான் இருந்தது. ஸ்மார்ட் வாட்ச் புதிதாக வந்த காலத்தில் வாங்கியது. திரையெல்லாம் கீறல், வெயிலில் எண் தெரியாது. ஆனால் ஒருதடவை சார்ஜ் போட்டால் பதினோரு நாள் நிற்கும். லிஃப்டில் யார் கையிலாவது புதுக் கடிகாரத்தைப் பார்த்தால் விடமாட்டார்.

“சார், உங்களுது எத்தனை நாள் நிக்கும்?”

“ரெண்டு நாள் வரும்.”

“அவ்ளோதானா!”

வாசல் காவலாளி அவருக்குப் பேரே வைத்துவிட்டார். “பதினோரு நாள் வந்தாச்சு, கேட்டைத் திற.”

போன வருடம் ஏணியில் நிற்கும்போது பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் அவருடைய மாப்பிள்ளை, அதாவது எங்கள் அக்காவின் கணவர், புதுக் கடிகாரம் ஒன்றோடு வந்தார். செல்போன் கடையில் விற்பனையாளர் அவர். நாள் முழுக்க நாடித்துடிப்பை எண்ணி, தாறுமாறாக இருந்தால் அக்காவின் போனுக்குச் சொல்லும் கடிகாரம். ரப்பர் பட்டை.

“கழட்டவே கூடாதுப்பா. தூங்கும்போதுகூட” என்றாள் அக்கா.

பெரியப்பா இடது கையில் பழசு, வலது கையில் புதுசு என்று கட்டிக்கொண்டார். ரப்பர்தானே என்று வேலை நேரத்தில் புதுசைக் கழற்றவில்லை. பழசு வழக்கம்போலத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. இரண்டே நாளில் புதுசு படுத்துவிட்டது. சார்ஜ் போட்டால் எழுந்துகொள்ளும், மறுபடி படுத்துக்கொள்ளும். பழசு அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளையின் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். பெரியப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு கைகளையும் நீட்டினார்.

“பாருங்க சம்பந்தி. இது உழைக்கிற கை. இது உங்க மகன் புண்ணியத்துல சோம்பேறிக் கை.”

சம்பந்தியம்மா சிரித்தார். அதோடாவது விட்டிருக்கலாம்.

“மாப்பிள்ளை, கடையில இருக்கிற உங்க தலையிலேயே கட்டிட்டாங்களா? இல்ல, எவனோ திருப்பிக் கொடுத்ததைத் துடைச்சு எனக்குக் கட்டிட்டீங்களா?”

சம்பந்தியம்மாவின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. பெரியம்மா முழங்கையால் இடித்தாள்.

“என்ன பேச்சு இது?”

“சும்மா கேலிக்குடி.”

“மாத்தித் தர்றேன் மாமா” என்றார் மாப்பிள்ளை. அவர் காதுகள் சிவந்திருந்தன. மிச்சச் சாப்பாடு முடியும்வரை சம்பந்தியம்மா யார் முகத்தையும் பார்த்துப் பரிமாறவில்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை பெரியப்பா வீட்டுக்கு வரவில்லை. அக்கா மட்டும் வந்தாள், வந்தவுடனே கிளம்பினாள். “அவருக்குக் கடையில வேலைப்பா” என்பாள். பெரியம்மா பாத்திரங்களைச் சற்றுச் சத்தமாகக் கழுவுவாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனபிறகு, பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கட்டடத்துக்கு வந்தார். ரப்பராக இருந்தாலும் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் இரண்டு கடிகாரங்களும் தாழ்ப்பாளில் தொங்கின. சாயங்காலம் புதுசை எடுத்துப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

“என்னடா, இன்னிக்கு நல்ல பிள்ளையா இருக்கு? சார்ஜ் எறங்கவே இல்ல.”

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் நான் சாப்பிடப் போனபோது, அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“கையில இல்லாதப்ப இது தூங்குதுடா தம்பி. நாடியைத் தேடுறதில்ல.”

நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“அதுவும்தான்” என்றார். “வருஷக்கணக்கா இங்க தொங்கிட்டுத் தூங்கியிருக்கு. உழைக்கிறதையும் தூங்குறதையும் பந்தயத்துல ஓடவிட்டு, தூங்குறதுக்கு மாலை போட்டிருக்கேன்.”

அவர் அதோடு விடவில்லை. அடுத்து வந்த தொடர் விடுமுறையில் இரண்டையும் முழு சார்ஜ் போட்டு, கழற்றாமல் கட்டிக்கொண்டு, பழசிலும் நாடி எண்ணுவதை ஓடவிட்டார். பழசுதான் முதலில் படுத்தது. அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தார்.

“பதினோரு நாள் வந்தாச்சு” என்ற குரல் இப்போது அவரைக் குத்தியது. பின்வாசல் வழியாக வந்து படியேறிப் போனார். லிஃப்ட் மெக்கானிக் மூச்சு வாங்கப் படியேறுவதைப் பார்த்து, லிஃப்டில் ஏதோ கோளாறு என்று இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஏறிவந்தார்கள்.

“நீதான் படிக்கிற ஆளாச்சே. மாப்பிள்ளைக்கு ரெண்டு வரி அடிச்சுக் கொடு” என்று போனை நீட்டினார்.

அடித்துக் கொடுத்தேன்.

“இது அழுவுதுடா.”

மாற்றினேன்.

“இது ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு.” பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டார். “ஊர் கேக்கத் திட்டிட்டு, ரகசியமா மன்னிப்புக் கேக்குறதா? எழுந்திரு.”

கடைக்குப் போனோம். மாப்பிள்ளை ஒரு பெண்மணிக்குக் கடிகாரம் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. “வாங்க மாமா, ஒரு நிமிஷம்.”

“இது எத்தனை நாள் தம்பி நிக்கும்?” என்றார் அந்தப் பெண்மணி.

பெரியப்பாவுக்கு அந்த ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை. “அவர் சொல்ற நாளை நம்புங்கம்மா. நான் தப்பா அளந்துட்டு, பெத்த அம்மா முன்னாடியே இவரை ஏமாத்துக்காரன்னு சொன்ன ஆளு. தப்பு என்மேலதான்.”

கடை மொத்தமும் திரும்பியது. ‘ஏமாத்துக்காரன்’ என்ற வார்த்தை மட்டும் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“என்ன பிரச்சினை?”

“ஒண்ணுமில்ல சார். என் மாமனார்.”

“நான் அப்புறமா வர்றேன்” என்று அந்தப் பெண்மணி கைப்பையை மாட்டிக்கொண்டார். பூமி பிளக்காதா என்று நான் தரையைப் பார்த்தேன். அது வழவழவென்று முழுசாக இருந்தது.

வெளியே வந்ததும் பெரியப்பா, “வியாபாரத்தையும் கெடுத்துட்டேனாடா?” என்றார். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மாமா. அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. கடைக்கு மட்டும் வேணாம்.”

பெரியப்பா போனார், சொன்னார். “நான் அன்னிக்கே கேலின்னுதான் எடுத்துக்கிட்டேன்” என்றார் சம்பந்தியம்மா, சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தபடி. ஆனால் மாப்பிள்ளை மறு வாரமே பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பெரியப்பா அவரிடம் கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

பல நாள் கழித்து அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். பழசையும் அவள் போனோடு இணைத்திருந்ததால், இரண்டு கடிகாரங்களின் விவரமும் அதில் பதிவாகிக்கொண்டிருந்ததாம். வேலை நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பழசு யார் கையிலும் இல்லை என்பதை, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். “அப்பா பேசினப்ப நான் போனை எடுக்கப் போனேன்டா. இவர்தான் மேசைக்குக் கீழ என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். இப்ப காட்டினா மாமா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவார்னார்.”

பெரியப்பாவிடம் இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.