மேல் வரிசை யாருடையது

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்காவது மாதம் அது நடந்தது.

இரண்டு பேருடைய ரத்தம் வந்திருந்தது. ஒருவர் சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி, வார்டில் படுத்திருந்தார். மற்றவர் ஓரிக்கையில் பயிர் வைக்கும் அம்மாள். ரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இருவருக்கும் மாதக்கணக்கில் தீராத இடுப்பு வலி. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

கண்ணாடித் தகட்டில் உறைந்த ஜெல்லில் இரண்டு கீறல் போட்டு, ஆளுக்கொன்றில் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, விட வேண்டும். மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் பிரிந்து நகரும். சாயம் ஏற்றும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் விட்டுக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய்விட்டது. வந்ததும் அவசரமாக விட்டு முடித்து மின்சாரம் பாய்ச்சினேன். மிச்சச் சீரத்தைக் கொட்டிக் குழாய்களையும் கழுவிவிட்டேன்.

மாலையில் தகட்டைக் கருநீலச் சாயத்தில் முக்கி, அசிட்டிக் அமிலத்தில் அலசினேன். நீலம் மெல்ல வெளுத்தது. கீழ் வரிசை வழக்கம்போல இருந்தது. மேல் வரிசையின் கடைசியில், சாயம் மங்கலாகப் பரவியிருக்க வேண்டிய இடத்தில், பேனாவால் இழுத்ததுபோல் ஒரு கறுத்த கோடு. டாக்டர் பயந்தது அதைத்தான்.

நோட்டைத் திறந்தேன். மேல் வரிசை யாருடையது என்று குறிக்கவே இல்லை.

டாக்டர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். “யாரோடதும்மா இது?”

நெசவாளியுடையதைத்தான் முதலில், மேல் கீறலில், விட்டதாக ஞாபகம். அவர் பெயர் வாய்வரை வந்துவிட்டது.

“தெரியல சார். எழுதி வைக்கல.”

அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “காலையில ரெண்டு பேருக்கும் திரும்ப எடுத்துடு” என்றார்.

மறுநாள் ஊசியைப் பார்த்ததும் நெசவாளி எழுந்து உட்கார்ந்தார். “நேத்துதானேம்மா எடுத்தே? எதுனா இருக்குதா?”

“நான்தான் தப்பு பண்ணிட்டேன் ஐயா.”

அவர் கையை நீட்டினார்.

பிறகு ஓரிக்கைக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாள் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். “இதுக்கா வெயில்ல வந்துக்கினு இருக்கே? சொல்லி அனுப்பினா நானே வந்திருப்பேனே” என்று வரப்பில் உட்கார்ந்து கை கொடுத்தார். அந்தக் கறுத்த கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இம்முறை ஒவ்வொரு சொட்டுக்கும் முன்னால் நோட்டில் எழுதினேன். சாயம் வெளுக்க வெளுக்க நெசவாளியின் வரிசை சுத்தமாகத் தெளிந்தது. கோடு அந்த அம்மாளுடையதில் இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்தேன். முந்தின நாள் நான் சொல்லவிருந்தது நெசவாளியின் பெயரை.

நெசவாளி அந்த வாரமே வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் இரண்டு வருடம் மாத்திரைக்கு வந்தார். வரும்போதெல்லாம் எனக்குப் பச்சைக் கடலை கொண்டுவருவார்.