மூக்கு வழியே ஊட்டிய சோறு

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வீரசோழனில் லோடு இறக்கிவிட்டு வண்டியில் ஏறப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. மதுரையில் ஐசியுவில் கிடந்து பிழைத்து, வலது கை கால் வராமல், பேச்சு வராமல், எதையும் விழுங்க முடியாமல் எங்கள் ஊர் பாளையம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அவர் மூக்கில் ஒரு குழாய், என் மடியில் ஒரு டப்பா சத்துப் பவுடர்.

அனுப்பும்போது நர்ஸம்மா என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பெரிய ஊசிக்குழலைக் குழாயில் மாட்டித் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தக் கூடாது. முடிந்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது. வாயில் மட்டும் ஒரு சொட்டு விடக் கூடாது. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உடம்பு ரொம்பக் கரைஞ்சு போயிருக்கும்மா. சத்து ஏறினா தெம்பு வரும். அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க, விழுங்க வச்சுப் பாக்கலாம்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மில் வேலையை விட்டேன்.

பவுடருக்குப் பலன் இருந்தது. கன்னத்துக் குழி கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. அடுப்பில் டீத்தூள் கொதிக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்புவார். டீ இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடாத மனுசன். "குழாயை எடுக்கட்டும், மொத வாய் டீதான்" என்பேன். நல்லாயிருக்கிற இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுப்பார். சீக்கிரம் என்று அர்த்தம்.

பார்க்க வந்த சாதிசனத்துக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் முன்னாலேயே உட்கார்ந்து மிக்சர் தின்றார்கள், டீ குடித்தார்கள், "இப்படிக் கெடக்குறதுக்குப் போய்ச் சேந்துறலாம்" என்றார்கள். பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னதோ தெரியவில்லை. என் மாமியார் பவுடருக்குச் சுண்ணாம்புத் தண்ணி என்று பேர் வைத்திருந்தாள். "வாய் நனையாத ஒடம்புல உசுரு எப்படி நிக்கும்? ஏதோ ஆசை புடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்பாள்.

எங்கள் பக்கம் அப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு ஒரு வைத்தியம் உண்டு. மண்ணாசை என்றால் சொந்தக் காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள், உயிர் நிம்மதியாகப் பிரியுமாம். இவருக்கு மண்ணாசையாம்! பரளச்சி பக்கம் இருக்கிற எங்கள் மானாவாரிக் கரிசல் காட்டைக் கண்டாலே ஆகாது அவருக்கு. மழையை நம்பிச் சாகிற பொழப்பு வேண்டாம் என்றுதான் லாரிக்கே போனார். "அவுக சாகக் கெடக்கல அத்தை, பொழைக்கக் கெடக்காக" என்று சொல்லிப் பார்த்தேன். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் பவுடர் தீர்ந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. அவரை மாமியார் பார்வையில் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி அருப்புக்கோட்டை போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, டப்பாவோடு திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு.

அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, தெற்கே தலை வைத்துத் தரையில் மட்டமாகப் படுக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மாமியார் சொம்போடு உட்கார்ந்திருந்தாள். என் கொழுந்தன் ஊசிக்குழலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். குழாய் முழுக்கக் கறுப்பு. அவர் வாயோரம் கறுப்பு நுரை.

"என்னத்தடா ஊத்துனீக?"

"நம்ம காட்டு மண்ணு மதினி. கரைச்சு, வேட்டில வடிகட்டித்தான் ஊத்துனோம். நீங்க சொன்ன மாதிரி வாயில ஒரு சொட்டு விடல, குழாயிலதான் விட்டோம்."

அவன் பொய் சொல்லவில்லை. பாவி, நான் படித்துப் படித்துச் சொன்னதில் அதை ஒன்றை மட்டும் சுத்தமாகக் கடைப்பிடித்திருந்தான். நான் அலறிக்கொண்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். கண் திறந்திருந்தது. இடது கை என் சேலையைத் தேடிப் பிடித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் விடவில்லை.

மட்டமாகப் படுக்க வைத்து ஊற்றியதில் மண் தண்ணீர் எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

எழவு வீட்டில் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். "மண்ணு உள்ள போகவும்தான் எம்புள்ளைக்கு வழி கெடச்சுச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். "அந்தப் புள்ளை தடுக்காம இருந்தா முன்னமே நல்லபடியாப் போயிருப்பான்" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவரைக் கொன்றது அவர்கள், கஷ்டப்படுத்தினது நான். அவர்கள் போட்ட அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாமியார் சுருண்டு கிடந்தாள். சோறு இறங்கவில்லை என்றாள். கண்ணை இருட்டுகிறது என்றாள்.

"ஏத்தா, அவனுக்குக் குடுப்பியே, அந்தப் பவுடர் இருந்தா ஒரு டம்ளர் கரைச்சுத் தாயேன்."

அன்றைக்கு நான் வாங்கி வந்த டப்பா பிரிக்காமல் அப்படியே இருந்தது. பிரித்தேன். வாசலில் மண் நிறையக் கிடந்தது, ஒரு நிமிஷம் அதைப் பார்த்தேன். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில், கட்டியில்லாமல் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுசையும் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். "எம்புள்ள ருசியாத்தான் குடிச்சிருக்கான்."

"அவுகளுக்கு அந்த ருசி தெரியாது அத்தை. நாக்குல படவே இல்லையே."

கிழவி டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கரைச்சுக் குடு" என்றாள்.